பிள்ளைகளுக்கென்று தந்த ரொட்டி



கடந்த செப்டம்பர் 23-ஆம் நாள் காலைத் திருப்பலி முடித்துப் பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது, திண்ணையில் ஒரு பெண்மணி காத்துக்கொண்டிருந்தார். அடி அண்ணாமலையில் வாழும் நம் மக்களுள் ஒருவர். கிரிவலப் பாதையை ஒட்டி வீடு எடுத்து ஆண்டு முழுவதும் தங்கியிருக்கும் ஓர் ஐரோப்பிய அம்மையாரின் இல்லத்தில் அவருக்குச் சமையல் வேலை. அவர் கையில் துணியால் சுற்றிய பொதி ஒன்று இருந்தது. அவிழ்த்துக் காட்டினார். ஆப்பிள் பழமும் இலவங்கப்பட்டையும் சேர்த்துச் சுட்ட கோதுமை ரொட்டி.

“சாமி, இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, கூடாதா? ராத்திரி முழுக்க வீட்டில் இதே பேச்சு. நீங்கள் சொல்லுகிறபடி செய்கிறேன்” என்றார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் அந்த அம்மையாரின் இல்லத்தில் அவருடைய நண்பர்கள் ஆறேழு பேர் கூடியிருக்கிறார்கள். மேசையின் நடுவே பூசணிக்காய், சோளக்கதிர், பழங்கள், ஒரு விளக்கு. பகலும் இரவும் ஒத்திருக்கும் நாள் அது என்றும், கதிரவனுக்கும் நிலத்துக்கும் நன்றி சொல்லும் திருநாள் என்றும் அம்மையார் விளக்கியிருக்கிறார். அதற்காகக் காலை முதல் மாவு பிசைந்து, ஓவனில் நான்கு ரொட்டிகள் சுட்டவர் நம் பங்கு மகளே. ஒன்று விளக்கின் முன் வைக்கப்பட்டது. இரண்டை அவர்கள் பகிர்ந்து உண்டார்கள். நான்காவதை, அடுப்படியில் துணி மூடி வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்து, “உன் பிள்ளைகளுக்கு” என்று சொல்லி அம்மையார் இவர் கையில் கொடுத்திருக்கிறார்.

வீட்டில் மாமியார் கேட்டார். இவரும் மறைக்காமல் சொன்னார். உபதேசியார் வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அந்த மூதாட்டி. மறைநூலை நன்கு கேட்டு மனத்தில் பதித்தவர். “சூரியனுக்குப் படைத்த ரொட்டி என் பேரப்பிள்ளைகள் வாயில் படக்கூடாது. நாளை முதல் அந்த வேலைக்கும் போகவேண்டாம்” என்று தீர்த்துவிட்டார். மகன் கொத்தனார், மழைக்காலத்தில் அவருக்கு வேலை இராது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அந்த அடுப்படியிலிருந்துதான் வருகிறது. ஆகவே இக்கேள்வியில் ஒரு ரொட்டி மட்டும் அடங்கவில்லை.

உங்களுக்கும் இக்கேள்வி புதிதன்று. நவராத்திரியில் அண்டை வீட்டிலிருந்து சுண்டல் வருகிறது. ஆயுத பூசையன்று பட்டறையில் பொரியும் பொட்டுக்கடலையும் தருகிறார்கள். திருக்கார்த்திகைக்குப் பொரி உருண்டை வருகிறது. வாங்கலாமா, மறுக்கலாமா, வாங்கிப் பின் எறிந்துவிடலாமா என்று குழம்பும் இல்லங்கள் பல. ஆதலின் அந்தப் பெண்மணிக்குச் சொன்னதைச் சற்று விரிவாக உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன்.

முதலில் அந்த நாளைப் பற்றித் தெரிந்துகொள்வோம். பூமி தன் அச்சில் இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்து கதிரவனைச் சுற்றுகிறது. அதனால் ஆண்டில் இரண்டே நாட்களில், மார்ச் 20 அல்லது 21-லும் செப்டம்பர் 22 அல்லது 23-லும், கதிரவன் நேர் கிழக்கே உதித்து நேர் மேற்கே மறைகிறான். பகலும் இரவும் ஏறத்தாழ ஒத்திருக்கின்றன. நம் திருவண்ணாமலையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான்; ஆகவே நாம் இதை அவ்வளவாக உணர்வதில்லை. இலண்டன் மாநகரிலோ கோடையில் பதினாறரை மணி நேரம் பகல். குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் குறைவு. செப்டம்பரில் அங்குள்ளோர் கதிரை அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டு, வரப்போகும் இருளையும் குளிரையும் எண்ணிக் கலங்கியதில் வியப்பில்லை. அறுவடைக்கு நன்றி, குளிருக்கு அச்சம் என்னும் இரண்டும் கலந்த நாள் அது.

நம் முன்னோரும் இந்நாளை அறிந்திருந்தனர். பஞ்சாங்கத்தில் சித்திரை முதல் நாளும் ஐப்பசி முதல் நாளும் ‘விசு’ எனப்படுகின்றன. சம இரவு நாள் என்பதே அதன் பொருள். ஆனால் ஐப்பசி முதல் நாள் இப்போது அக்டோபர் 17 அல்லது 18-இல் வருகிறது. வானின் மெல்லிய அசைவினால், ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாயிருந்த இரு நாட்களும் இன்று இருபத்தைந்து நாள் விலகி நிற்கின்றன. ஐப்பசி முழுநிலா நாளில் சிவாலயங்களில் சோற்றால் அன்னாபிடேகம் செய்வதை நம் ஊரார் அனைவரும் அறிவர். சோறும் ரொட்டியும் வேறாயினும், உணவைக் கண்டு மனிதன் கைகூப்பும் உணர்வு எங்கும் ஒன்றே.

அந்த ஐரோப்பிய அம்மையார் கொண்டாடிய விழாவோ அவர் நினைப்பதுபோல் அத்துணைப் பழமையானதன்று. ஆண்டில் எட்டுத் திருநாட்கள் என்ற வரிசையே 1950-களில் இங்கிலாந்தில் உருவாயிற்று. செப்டம்பர் சம இரவு நாளுக்கு, வேல்சு நாட்டுப் பழங்கதையிலிருந்து ‘மாபன்’ என்னும் பெயரை எடுத்துச் சூட்டியவர் ஐடன் கெல்லி என்னும் அமெரிக்கர், அது 1970-களில். பழைய அறுவடை வழக்கங்கள் உண்மையே. ஆனால் இந்தப் பெயரும் முறையும் நம்மில் பலருடைய வயதை ஒத்தவை. நான் இதை ஏளனமாகச் சொல்லவில்லை. ஆலயத்தில் கிட்டாத ஒன்றைத் தேடி மனிதர்கள் புதிதாக ஒரு விழாவையே அமைத்துக்கொள்ளும் அளவுக்கு ஏங்குகிறார்கள் என்றால், ஆலயத்தில் நிற்கும் நாமும் நம்மைச் சற்று ஆராய வேண்டாமா?

ஏனெனில் இந்த நாளைத் திருச்சபை ஒருபோதும் மறந்ததில்லை. நம் உயிர்ப்புப் பெருவிழாவே சம இரவு நாளைக் கொண்டு கணிக்கப்படுகிறது: மார்ச் 21-க்குரிய சம இரவை அடுத்த முழுநிலாவுக்குப் பின்வரும் ஞாயிறு. பழைய நாட்காட்டியின் சிறு பிழையினால் 1582-இல் அந்நாள் மார்ச் 11-க்கே வந்துவிட்டிருந்தது. பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் அதைத் திருத்தினார். அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று ஆயிற்று. அவிலாவின் புனித தெரேசம்மாள் அந்த ஓர் இரவில்தான் உயிர் நீத்தார். அதனாலேயே அவருடைய திருநாள் 15-ஆம் நாளில் நிற்கிறது. செப்டம்பர் மாதத்திலோ, மூன்று நாட்கள் நோன்பிருந்து நிலத்தின் பலனுக்கு நன்றி கூறும் வழக்கம் நூற்றாண்டுகளாக இலத்தீன் திருச்சபையில் இருந்தது. நம் நாட்டிலேயே மங்களூர்க் கத்தோலிக்கர் செப்டம்பர் 8-ஆம் நாள், தேவதாயின் பிறந்தநாளன்று, புதிய நெற்கதிர்களை ஆலயத்தில் மந்திரித்து வீட்டுக்குக் கொண்டுபோய், அந்தப் புதுநெல்லை உணவில் சேர்த்துக் குடும்பமாக உண்கிறார்கள். அன்று வேளாங்கண்ணியில் இலட்சக்கணக்கில் கூடும் நாம், வீட்டு அடுப்பை அந்தத் திருநாளோடு எவ்வளவு தூரம் இணைத்திருக்கிறோம் என்று எண்ணிப்பாருங்கள்.

இப்போது மறைநூலுக்கு வருவோம். அந்த மூதாட்டி சான்று காட்டியது எரேமியாவின் நூலை. எருசலேம் தெருக்களில் பிள்ளைகள் விறகு பொறுக்க, தகப்பன்மார் தீ மூட்ட, பெண்கள் மாவு பிசைந்து விண்ணரசி என்னும் பொய்த்தெய்வத்துக்குப் பணியாரம் சுட்டதை இறைவாக்கினர் கண்டு மனம் வெதும்பினார். மாவு பிசைதலும் தீ மூட்டுதலும் குற்றமல்ல. குடும்பம் முழுவதுமே, சிறு பிள்ளை உட்பட, தன்னை எகிப்திலிருந்து மீட்ட ஆண்டவரை விட்டு வேறொன்றுக்குத் தன்னை ஒப்படைத்ததே குற்றம். இதை மூதாட்டி சரியாகவே புரிந்துகொண்டார். அவர் சுட்டிய எச்சரிக்கையை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அதே மறைநூலில் இன்னொருவர் இருக்கிறார். சீரியாவின் படைத்தலைவன் நாமான். தொழுநோய் நீங்கி மெய்யான இறைவனை அறிந்தபின், இறைவாக்கினர் எலிசாவிடம் ஒரு தயக்கத்தைச் சொல்லுகிறான். தன் அரசன் ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது தன் கையின்மேல் சாய்ந்துகொண்டு குனிவான். அப்போது தானும் குனிய வேண்டியிருக்கும். ஆண்டவர் அதைப் பொறுத்தருள்வாரா என்று கேட்கிறான். எலிசா அவனை அதட்டவில்லை. வேலையை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. அமைதியோடு போய்வா என்று அனுப்பிவைக்கிறார். பிறர் வீட்டில் கூலிக்கு உழைக்கும் ஒருவரின் நிலையை இறைவன் அறிவார். எசமானர் எதற்காக ரொட்டி கேட்கிறார் என்பது எசமானரின் கணக்கு; நேர்மையாக மாவு பிசைந்து கொடுப்பது உழைப்பாளியின் கணக்கு. ஆகவே அந்தப் பெண்மணியிடம் முதலில் சொன்னேன்: “அம்மா, வேலைக்குப் போ. ரொட்டி சுடு. அவர்கள் கைகோத்து நின்று வணங்கும் வட்டத்தில் மட்டும் நிற்காதே. அழைத்தால், எனக்கு வேறு செபம் இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லிவிடு.”

அடுத்தது உண்பது. கொரிந்து நகரில் இக்கேள்வி நாள்தோறும் எழுந்தது. அங்கே சந்தையில் விற்ற இறைச்சியில் பெரும்பகுதி கோவில் பலியிலிருந்து வந்ததே. புனித சின்னப்பர் அதற்கு மூன்று படிகளில் விடை தந்தார். சிலை என்பது ஒன்றுமில்லை. நிலமும் அதன் நிறைவும் ஆண்டவருடையவை. ஆகவே துருவித் துருவிக் கேளாமல் வாங்கி உண்ணலாம் என்பது முதற்படி. ஆண்டவரின் பந்தியிலும் பேய்களின் பந்தியிலும் ஒருசேரப் பங்குகொள்ள முடியாது. வழிபாட்டில் கலத்தல் ஆகாது என்பது இரண்டாம் படி. எனக்கு உரிமை உண்டு என்பதற்காக, நலிந்த மனச்சான்றுடைய சகோதரனைப் புண்படுத்தலாகாது. அவனுக்கு இடறலாகும் உணவை விட்டுவிடுவதே அன்பு என்பது மூன்றாம் படி. நம் வீடுகளில் இம்மூன்றில் ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டை விட்டுவிடுகிறோம். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

இதில் நானே தவறியவன். இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் இருந்தபோது, ஆயுத பூசைக்கு முந்தின ஞாயிறு, பிற சமயத்தார் தரும் பொரியைத் தொடாதீர்கள் என்று பீடத்தில் நின்று முழங்கினேன். இரண்டாம் படியை மட்டும் எடுத்து மற்றவற்றை விட்டேன். என் சொல்லைத் தட்டாத ஒரு குடும்பத்தார், அண்டை வீட்டு விதவைத் தாய் அனுப்பிய பொரித் தட்டைத் தங்கள் சிறு பெண்ணின் கையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் பிறந்த இரவில், பேய்மழையில் மாட்டுவண்டி பிடித்து, அவளுடைய தாயை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தவர் அந்த விதவைத் தாய்தான். அன்று முதல் அவர் அந்த வாசற்படி ஏறவில்லை. இதை நான் அறிந்தது அவர் இறந்து அடக்கமான பிறகு. ஒரு கைப்பிடி பொரியில் இல்லாத பேயை நான் தேடினேன். அதிலிருந்த அன்பைப் பார்க்கத் தவறினேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

ஆகவே ரொட்டியைப் பற்றி அந்தப் பெண்மணியிடம் இவ்வாறு சொன்னேன்: “அது பிள்ளைகளுக்கென்று தந்த ரொட்டி. நன்றி சொல்லி உண்ணலாம். ஆனால் உன் மாமியாரை மீறி உண்ணவேண்டாம். மாலையில் நான் வருகிறேன். அதுவரை ரொட்டி காத்திருக்கட்டும்.”

மாலையில் சென்றேன். மூதாட்டியோடு நெடுநேரம் பேசினேன். அவருக்கு ரொட்டியின்மேல் அச்சமில்லை. “இன்றைக்கு ரொட்டி சாமி, நாளைக்கு இதுவும் அதுவும் ஒன்றுதானே, பூசை எதற்கு என்று இந்தப் பிள்ளைகள் கேட்கமாட்டார்களா?” என்றார். இந்த அச்சம் நியாயமானது. உலகம் முழுவதிலும் நம் இளைஞர் பலர் அப்படிக் கேட்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டிலேயே, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்த உரோமை மக்கள் சிலர் புனித இராயப்பர் பேராலயத்தின் படிகளில் ஏறியதும் திரும்பி நின்று, உதிக்கும் கதிரவனுக்குத் தலைவணங்கினார்கள். பாப்பரசர் பெரிய சிங்கராயர் அதைக் கண்டு மனம் நொந்து மறையுரையில் கண்டித்தார். ஒளியைப் பார்த்து மகிழலாம். வணக்கமோ ஒளியைப் படைத்தவருக்கே உரியது. தொடக்கநூலில் கதிரவன் நான்காம் நாளில்தான் படைக்கப்படுகிறான். அவன் கடவுளின் கையிலுள்ள விளக்கு. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அவனைச் சகோதரன் என்று அழைத்தார். ஆண்டவன் என்று அழைக்கவில்லை. 2015-இல் பாப்பரசர் பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடல், புனிதரின் அந்தப் பாடலில் வரும் சொற்களையே தன் பெயராகக் கொண்டிருக்கிறது. படைப்பை மதித்தல் நம் மறையின் பகுதியே; அதைக் கற்க நாம் வேறு வட்டத்தில் போய் நிற்க வேண்டியதில்லை.

எனவே மூதாட்டியிடம் சொன்னேன்: “அம்மா, உங்கள் அச்சம் சரி, மருந்துதான் வேறு. ரொட்டியை எறிவதனால் பிள்ளைகளின் விசுவாசம் வளராது. அதை யாருக்கு நன்றி சொல்லி உண்பது என்று கற்றுக் கொடுத்தால் வளரும். அதை உங்களைப்போல் சொல்லிக்கொடுக்க இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?”

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பின் பேரப்பிள்ளைகளை அழைத்து உட்காரவைத்து, சிலுவை அடையாளம் வரைந்து, கோதுமையையும் மழையையும் வெயிலையும் தந்த பிதாவுக்கு நன்றி சொல்லி, ரொட்டி சுட்ட மருமகளுக்காகவும் கொடுத்தனுப்பிய அம்மையாருக்காகவும் தாமே செபம் சொன்னார். பிள்ளைகள் உண்டார்கள். நானும் ஒரு துண்டு உண்டேன். அவர் மட்டும் தொடவில்லை. நான் வற்புறுத்தவில்லை, சின்னப்பரின் மூன்றாம் படி அவருக்கும் உரியதே.

விடைபெறும்போது அந்தப் பெண்மணி இன்னொன்று சொன்னார். அந்த ஐரோப்பிய அம்மையார் சிறுமியாயிருந்தபோது பூசைக்குப் போனவராம். முதல் நன்மையும் வாங்கியவராம். ரமண மகரிசி 1896-இல் வந்து வாழ்ந்த இம்மலையை நாடி மேனாட்டார் பலர் வந்திருக்கிறார்கள். 1949-இல் இங்கே வந்து, பின்னர் இதன் குகைகளிலும் தனித்திருந்து தியானித்த பிரெஞ்சு நாட்டுத் துறவி அபிஷிக்தானந்தர் நற்கருணையைத் தம் உயிராகக் கொண்ட குருவானவர். இம்மலைக்கு வருவோர் எல்லாரும் கிறிஸ்துவை விட்டு ஓடி வந்தவர்கள் என்று நாம் முடிவுகட்டிவிடக் கூடாது. ரொட்டியைப் பிட்டுப் பகிர்ந்த மேசையை என்றோ விட்டுப் பிரிந்த ஒருவர், எங்கோ ஓர் ஊரில் மீண்டும் ரொட்டி சுட்டு நண்பர்களோடு பகிர்கிறார் என்றால், அந்த நினைவு அவர் உள்ளத்தில் அணையவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

பாப்பரசர் பெரிய கிரகோரியார் 601-இல், இங்கிலாந்துக்கு மறை பரப்பச் சென்ற மெல்லித்துஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், மக்களின் பழைய விருந்துகளை ஒரேயடியாக ஒழித்துவிடாமல், ஆலயத்தைச் சுற்றிப் பச்சைக் கிளைகளால் பந்தலிட்டு அவற்றை இறைப்புகழ்ச்சியின் விருந்தாக மாற்றும்படி அறிவுறுத்தினார். உயரத்துக்கு ஏறுகிறவன் படிப்படியாக ஏறுகிறான். தாவி ஏறுவதில்லை என்பது அவர் கருத்து. அந்த அறிவுரையை நம் வீட்டு அடுப்புக்கும் பொருத்திக்கொள்வோம்.

எனவே, இல்லத்தரசிகளே, குடும்பத் தலைவர்களே, உங்களுக்கு நான் சொல்லுவது இது. அண்டை வீட்டார் அன்போடு தரும் தின்பண்டத்தை இரு கையாலும் வாங்குங்கள். நன்றி சொல்லி உண்ணுங்கள். வழிபாட்டில் பங்குகொள்ள அழைத்தால், முகம் சுளிக்காமல் விலகிக்கொள்ளுங்கள். இதை ஏற்க மனம் வராத பெரியவர் வீட்டில் இருந்தால் அவரைக் கேலி செய்யாதீர்கள். செப்டம்பர் மாதத்தில் தேவதாயின் பிறந்தநாளையோ அதிதூதர்களின் திருநாளையோ உங்கள் வீட்டு நன்றித் திருநாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஓவன் இல்லையென்று கவலை வேண்டா. நம் தாய்மார் ஆவியில் அவிப்பதும் கல்லில் சுடுவதும் அதற்குப் போதும். அடையோ, பணியாரமோ, கொழுக்கட்டையோ, பிள்ளைகள் மாவு பிசையட்டும். தகப்பனார் அடுப்பைப் பற்றவைக்கட்டும். எரேமியா கண்டு அழுத அதே காட்சியை அவர் கண்டு மகிழும்படி நாம் மாற்றலாம். உண்ணுமுன் செபியுங்கள். ஒரு தட்டு அண்டை வீட்டுக்குப் போகட்டும். அடுத்த ஞாயிறு பீடத்தில் அப்பம் உயர்த்தப்படும்போது, கோதுமையையும் மனித உழைப்பையும் இறைவன் எத்துணை உயரத்துக்குக் கொண்டுபோகிறார் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல எளிதாயிருக்கும்.

செப்டம்பர் 29-ஆம் நாள், அதிதூதர்களாகிய மிக்கேல், கபிரியேல், இரபேல் திருநாளன்று, அந்த மூதாட்டி வெல்லமும் தேங்காயும் பூரணமாக வைத்துக் கொழுக்கட்டை அவித்தாராம். ஒரு தூக்குப் பாத்திரம் நிறையப் போட்டு, “உன் அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடு” என்று மருமகளிடம் தந்தாராம். அந்த அம்மையார் வாங்கிக்கொண்டு, இன்று உங்களுக்கு என்ன திருநாள் என்று கேட்டாராம். நம் பங்கு மகள் தமக்குத் தெரிந்த அளவில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

உங்கள் அடுப்பையும் அதைச் சுற்றி அமரும் அனைவரையும் எல்லாம் வல்ல இறைவன், பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆசீர்வதிப்பாராக.

உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை